ஸ்டேஷனில் அடி, கோர்ட்டில் இழப்பீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கிறேன். அம்பாசமுத்திரம், நாங்குநேரி, சங்கரன்கோவில், திசையன்விளை என்று எங்கிருந்து வந்தாலும், போலீஸ் மேல் புகார் கொடுக்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். வக்கீல் வருவதற்குள் நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் வழக்குக்கு என்ன வழி என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும். அவரிடம் போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும் என்பது என் பாடு.

ஸ்டேஷனில் அடித்துவிட்டு, ராத்திரி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முதலில் எங்கே போக வேண்டும்?

ஆஸ்பத்திரிக்கு. வக்கீலிடம் வருவது அதற்கு அப்புறம்தான். அதுவும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, தூரத்தில் இருப்பவர்களுக்கு அந்தந்தத் தாலுகா ஆஸ்பத்திரி. டாக்டர் "எப்படி அடிபட்டது?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதிலில்தான் பாதி வழக்கு இருக்கிறது. "இன்ன தேதி, இத்தனை மணிக்கு, இந்த ஸ்டேஷனில், இத்தனை போலீஸார், இன்னதால் அடித்தார்கள்" என்று சொல்லுங்கள். பெயர் தெரிந்தால் பெயர், தெரியாவிட்டால் "பார்த்தால் அடையாளம் காட்டுவேன்". அது ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவேட்டில் ஏறும். ஏ.ஆர். காப்பி என்று நாங்கள் சொல்வது அந்தப் பதிவின் நகலைத்தான்.

பயத்தில் "வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லிவிட்டு, பத்து நாள் கழித்து உண்மையைச் சொல்ல வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டே விசாரணை முழுக்கக் கேள்வி கேட்பார். பாத்ரூமில் வழுக்கி விழுந்து கையில் மாவுக்கட்டு என்ற செய்தியைப் படித்து நம் ஊரில் சிரிக்கிறோம். கோர்ட்டில் அந்த வரி சிரிப்பாக இருப்பதில்லை.

காயங்களை, முகமும் தெரிகிற மாதிரி, அன்றைக்கே போட்டோ எடுங்கள். கன்றிய இடம் முதல் நாள் ஒரு நிறம், மூன்றாம் நாள் வேறு நிறம். இரண்டையும் எடுத்து வையுங்கள். ரத்தம் பட்ட சட்டையைத் துவைத்துவிடாதீர்கள். அம்மாமார்கள் பாசத்தில் உடனே துவைத்துக் காயப்போட்டுவிடுகிறார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான். ரிமாண்டுக்குக் கொண்டு போகப் போகிறார்கள். என்ன செய்ய?

கைது செய்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். அங்கே வாய் திறக்க வேண்டும். "அடித்தார்களா?" என்று மாஜிஸ்திரேட் கேட்காவிட்டாலும், "ஐயா, என்னை அடித்தார்கள், இதோ பாருங்கள்" என்று சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு வக்கீல் அந்த நேரத்தில் அங்கே நிற்கட்டும். பிறகு ஜெயிலில் சேர்க்கும்போதும் உடம்பைப் பார்த்துக் காயங்களைக் குறிப்பார்கள். அங்கேயும் சொல்ல வேண்டும்.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2020 ஜூன் 19ஆம் தேதி, ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி சாத்தான்குளத்தில் தந்தையையும் மகனையும் பிடித்துப் போனார்கள். காயங்களோடு ரிமாண்ட் ஆகி, கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். 22ஆம் தேதி இரவு மகன் இறந்தார், மறுநாள் காலை தந்தை. ரிமாண்டுக்கும் சிறைக்கும் நடுவே ஒருவராவது நின்று அந்தக் காயங்களைச் சரியாகப் பார்த்திருந்தால் என்ற கேள்வி இன்றுவரை போகவில்லை.

புகாரை யாரிடம் கொடுக்க? அடித்த ஸ்டேஷனிலேயே கொடுக்க முடியுமா?

சட்டப்படி முடியும். அங்கே வாங்க மாட்டார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மேலே அனுப்புங்கள். திருநெல்வேலி மாநகர எல்லைக்குள் இருக்கும் ஸ்டேஷன் என்றால் மாநகரக் காவல் ஆணையர். அதற்கு வெளியே என்றால் மாவட்ட எஸ்.பி. சங்கரன்கோவில், புளியங்குடி, கடையநல்லூர் ஆட்கள் பழக்கத்தில் இன்னும் நெல்லை எஸ்.பி. பெயருக்கு எழுதிக்கொண்டு வருகிறார்கள். 2019 நவம்பரிலிருந்து தென்காசி தனி மாவட்டம், அங்கே தனி எஸ்.பி. இருக்கிறார். திசையன்விளைக்கு நெல்லை எஸ்.பி., சாத்தான்குளத்துக்குத் தூத்துக்குடி எஸ்.பி.

ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், பழைய பதிவுத் தபாலை 2025 செப்டம்பரில் அதோடு இணைத்துவிட்டார்கள். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் சீல் வாங்குங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. எஸ்.பி.யும் ஒன்றும் செய்யாவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 173(4), 175 பிரிவுகள் இதற்குத்தான். ஒன்றைக் கவனிக்க வேண்டும். பணி நேரத்தில் செய்ததாக ஒரு அரசு ஊழியர் மேல் புகார் என்றால், 175(4)இன்படி அவருடைய மேலதிகாரியின் அறிக்கையையும், அவர் தரப்பு விளக்கத்தையும் பார்த்த பிறகே மாஜிஸ்திரேட் விசாரணைக்கு உத்தரவிடலாம். பழைய சட்டத்தில் இந்தப் படி இல்லை. என் கணக்கில் இது பாதிக்கப்பட்டவருக்கு ஒரு பின்னடைவுதான்.

புகாரில் போட வேண்டிய பிரிவு என்ன என்று வக்கீல் பார்த்துக்கொள்வார். ஒப்புதல் வாக்குமூலம் வாங்குவதற்காகக் காயப்படுத்தினால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 120ஆம் பிரிவு. சாதாரணக் காயத்துக்கு 7 ஆண்டு வரை, கொடுங்காயத்துக்கு 10 ஆண்டு வரை. அடிபட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவர் என்றால் அதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்துமா என்பதையும், அதன் கீழ் வரும் நிவாரணத்தையும் அதை வைத்துத்தான் பார்ப்பார்கள்.

திங்கட்கிழமை கொக்கிரகுளத்தில் கலெக்டரிடம் மனு கொடுத்தால் போதாதா?

கொடுங்கள். ஒரு நம்பர் விழும். ஆனால் அந்த மனு சுற்றிச் சுற்றிக் கடைசியில் போலீஸிடமே "நடவடிக்கைக்காக" வந்து சேரும். 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே அந்த வளாகத்தில் தீக்குளித்ததை இந்த ஊர் மறக்காது. அவர்கள் திரும்பத் திரும்ப மனு கொடுத்தவர்கள். கலெக்டர் மனுவை ஒரு துணைச் சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மனித உரிமை ஆணையத்துக்கு எழுதினால் ஏதாவது நடக்குமா?

நடக்கும், மெதுவாக. மாநில மனித உரிமை ஆணையம் 1997இல் வந்தது, அலுவலகம் சென்னையில். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, வெள்ளைத் தாளில் தமிழில் எழுதினால் போதும். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் எழுத வேண்டும். அதைத் தாண்டினால் தொடவே மாட்டார்கள்.

முன்பெல்லாம் ஆணையம் "இவருக்கு ஒரு லட்சம் கொடுங்கள்" என்று சொன்னால், அரசு அதை வெறும் பரிந்துரை என்று ஓரத்தில் வைத்துவிடும். 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு இந்த வழிக்குக் கொஞ்சம் பல் முளைத்தது. பெரிய தொகை வேண்டும், அதிகாரி ஜெயிலுக்குப் போக வேண்டும் என்றால் இது மட்டும் போதாது. ஸ்டேஷனில் ஒரு நாள் சட்டவிரோதமாக உட்கார வைத்தார்கள், அறைந்தார்கள், கெட்ட வார்த்தை பேசினார்கள் என்ற அளவிலான குறைகளுக்கு நான் முதலில் காட்டுவது இந்தக் கதவைத்தான்.

போலீஸ் புகார் ஆணையம் என்று ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது. 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வு பெற்ற நீதிபதிகள் தலைமையில் அமைக்கச் சொன்னது. தமிழ்நாடு 2013இல் சட்டம் போட்டு, மாநில அளவில் உள்துறைச் செயலாளரையும் மாவட்ட அளவில் கலெக்டரையும் தலைவராக்கியது. போலீஸைக் கையில் வைத்திருக்கும் துறையே போலீஸ் மேல் வரும் புகாரை விசாரிக்கிறது. வேறென்ன சொல்ல.

ஸ்டேஷனில் கேமரா இருக்கிறதே, அதைக் கேட்டு வாங்க முடியுமா?

உடனே கேளுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு பதிவாகும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கு வசதி இல்லாத இடத்திலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று சொன்னது. ஆனால் சாத்தான்குளத்தில் என்ன ஆனது? விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட் தன் அறிக்கையில் எழுதினார்: வன்தட்டில் போதுமான இடம் இருந்தும், அன்றன்றைய பதிவு தானாக அழிகிற மாதிரி அமைத்து வைத்திருந்தார்கள். அந்த வழக்கு விழாமல் நிலைத்தது, அங்கே பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் பயந்தபடியே ஆனாலும் நடந்ததைச் சொன்னதால்.

ஆகவே இரண்டு தாள் ஒரே நாளில் போக வேண்டும். ஒன்று எஸ்.பி.க்கு, "இன்ன தேதி, இன்ன நேரப் பதிவை அழிக்காமல் பாதுகாக்கவும்" என்று. இன்னொன்று தகவல் உரிமைச் சட்டத்தில் அதே பதிவின் நகல் கேட்டு. ஆள் இன்னும் காவலில் இருந்தால், உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்று குறிப்பிட்டு 48 மணி நேரத்தில் பதில் கேட்கலாம். மறுத்தாலும் நல்லதுதான். நீங்கள் கேட்டதற்கும் அவர்கள் மறுத்ததற்கும் தாள் இருக்கிறது. பின்னால் "பதிவு இல்லை" என்று சொன்னால் நீதிபதி ஏன் என்று கேட்பார்.

நேராக நஷ்ட ஈடு கேட்டு சிவில் வழக்குப் போட்டால் என்ன?

போடலாம். நம் பக்கத்தில் அதிகம் யாரும் போடுவதில்லை, அதற்குக் காரணங்கள் உண்டு.

அரசு மேலோ, பணி நிமித்தம் செய்ததற்காக அதிகாரி மேலோ வழக்குப் போட, உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80ஆம் பிரிவில் இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். சட்டவிரோதமாக அடைத்து வைத்தது, பொய் வழக்குப் போட்டது ஆகியவற்றுக்கு நஷ்ட ஈடு கேட்கக் காலக்கெடு ஓராண்டு மட்டுமே. நிலத் தகராறுக்கு 12 வருடம் என்று கேட்டுப் பழகிய நம் ஆட்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். கேட்கும் தொகைக்கு நூற்றுக்கு மூன்று ரூபாய் வீதம் கோர்ட் கட்டணம், அதாவது பத்து லட்சம் கேட்டால் முப்பதாயிரம். வசதியில்லாதவர் ஏழை வழக்காளியாக மனுப் போட்டு அதைத் தள்ளி வைக்கலாம்.

அதற்கும் மேல் ஒரு பழைய தலைவலி. 1947இல் அமிர்தசரஸ் நகை வியாபாரி ஒருவரை மீரட்டில் சந்தேகத்தின் பேரில் பிடித்து, அவரிடமிருந்த 103 தோலா தங்கத்தைப் போலீஸ் பறிமுதல் செய்தது. ஸ்டேஷனில் இருந்த தலைமைக் காவலர் தங்கத்தோடு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். 1964இல் உச்ச நீதிமன்றம், அது அரசின் இறையாண்மைப் பணி, அரசு பணம் தர வேண்டியதில்லை என்றது. கஸ்தூரிலால் வழக்கு என்று பெயர். இன்றும் அரசு வக்கீல்கள் அந்தத் தீர்ப்பை எடுத்து நீட்டுவார்கள்.

இதைச் சுற்றிக்கொண்டு போகும் வழிதான் ரிட். அடிப்படை உரிமையே பறிக்கப்பட்டது என்று உயர் நீதிமன்றத்துக்குப் போனால் அந்த இறையாண்மை வாதம் செல்லாது. 1993இல் நீலபதி பெஹெரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. ஒடிசாவில் போலீஸ் காவலில் இருந்த 22 வயது மகன் ரயில் பாதையில் பிணமாகக் கிடந்தான். தாய் எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது கோர்ட். நமக்கு மதுரைக் கிளை. 2004இலிருந்து சென்னைக்கு ரயில் ஏற வேண்டிய தேவை இல்லை.

எவ்வளவு கிடைக்கும்?

எல்லாரும் கேட்பது இதுதான், வெட்கப்பட வேண்டியதில்லை. நிலையான அளவு கிடையாது. கோர்ட் விடுதலை செய்த பிறகும் 14 ஆண்டு பீகார் ஜெயிலில் கிடந்த ருதுல் சா என்பவருக்கு 1983இல் 35,000 ரூபாய். நீலபதி பெஹெராவுக்கு ஒன்றரை லட்சம். சாத்தான்குளம் குடும்பத்துக்கு அரசு அறிவித்தது 20 லட்சம். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளி போலீஸ் பிடியில் இறந்த வழக்கில், அரசு ஏற்கெனவே கொடுத்த ஏழரை லட்சத்தோடு இன்னும் 25 லட்சம் கொடுக்க மதுரைக் கிளை இடைக்கால உத்தரவு போட்டது.

உயிர் போனால் லட்சங்கள், உயிரோடு திரும்பினால் ஆயிரங்கள் என்பதுதான் நடைமுறை. உடைந்த பல்லோடும் முறிந்த கையோடும் இருபது வருடம் வாழப் போகிறவனுக்குக் கணக்கு ஏன் இப்படிக் குறைகிறது என்று எனக்கு விளங்கவில்லை. வருமானச் சான்று, சிகிச்சை ரசீது, வேலை இழந்ததற்கான கடிதம் எல்லாம் வைத்திருந்தால் அந்த ஆயிரம் கொஞ்சம் கூடும்.

அந்தப் பணத்தை யார் தருகிறார்கள்? அடித்தவரா?

முதலில் அரசு. அதாவது நீங்களும் நானும் கட்டும் வரி. பிறகு துறை நடவடிக்கை மூலம் அதிகாரியின் சம்பளத்தில் பிடிக்கலாம். மனித உரிமை ஆணையத்தின் உத்தரவுகளில் இப்படிப் பிடித்தம் செய்யச் சொல்வது சகஜம். 1992இல் தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஊழியர்கள் செய்த கொடுமையில், 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் பாலியல் வன்முறைக்கு ஆளான 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் என்று சொல்லி, அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கச் சொன்னது. 31 வருடம். உங்கள் மனுவில் "சம்பந்தப்பட்ட அதிகாரியிடமிருந்து வசூலிக்க வேண்டும்" என்ற வரி இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். கேட்காமல் அது வருவது அபூர்வம்.

அமெரிக்காவில் கோடிக்கணக்கில் கொடுக்கிறார்களே, இங்கே ஏன் இல்லை?

அங்கே வழக்குத் தீர்ப்பு வரும் முன்பே நகர நிர்வாகம் பேசி முடித்துவிடும். ஜார்ஜ் ஃபிளாய்ட் குடும்பத்துக்கு 2021 மார்ச்சில் மினியாபோலிஸ் நகரம் 2 கோடியே 70 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டபோது, அவரைக் கொன்ற காவலர் மீதான கொலை வழக்கில் தீர்ப்பு வந்திருக்கவில்லை. அங்கேயும் பணம் நகரத்தின் கஜானாவிலிருந்துதான்.

இங்கே அப்படிக் கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருக்கும்போது அரசு உட்கார்ந்து பேசியது மிகக் குறைவு. ஒரு நல்ல உதாரணம் மலைக்கு அந்தப் பக்கம் நடந்தது. நம் மகேந்திரகிரியில் சோதித்துப் பார்க்கும் விகாஸ் ராக்கெட் எஞ்சினை உருவாக்கியதில் பெரும் பங்கு கொண்ட விஞ்ஞானி நம்பி நாராயணனை 1994இல் உளவு வழக்கில் கேரள போலீஸ் கைது செய்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் கொடுக்கச் சொன்னது. அதோடு அவர் திருவனந்தபுரம் கோர்ட்டில் போட்டிருந்த சிவில் வழக்கை முடிக்க, 2020இல் கேரள அரசு 1.3 கோடி ரூபாய் கொடுத்து சமரசம் செய்தது. அவரளவு பெயரும் பிடிவாதமும் இல்லாதவருக்கு இது எளிதில் வாய்க்காது. வழி இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

"பேசி முடிச்சுக்கலாம், ஐம்பதாயிரம் தாரோம், புகாரை வாபஸ் வாங்குங்க" என்று ஊர்ப் பெரியவர் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வாங்கலாமா?

வக்கீலிடம் கேட்காமல் ஒரு வெள்ளைத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இதுதான் நான் அதிகமாகச் சொல்லும் வாக்கியம்.

நம்பி நாராயணன் வாங்கியதும் சமரசம், டீக்கடை பெஞ்சில் கவரில் வருவதும் சமரசம் என்று நம் ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். முதலாவதில் அரசு தந்தது, கோர்ட்டில் பதிவானது, எல்லாருக்கும் தெரியும். இரண்டாவதில் தந்தவர் யார் என்றுகூட எழுத்தில் இருக்காது. நாளைக்கு அவரே "என்னை மிரட்டிப் பணம் பறித்தார்" என்று திருப்பிப் புகார் கொடுத்தால் உங்கள் கையில் என்ன இருக்கிறது? 120ஆம் பிரிவுக் குற்றம் கட்சிக்காரர்கள் தங்களுக்குள் சமாதானம் செய்துகொள்ளக்கூடிய பட்டியலிலும் இல்லை.

2023 மார்ச்சில் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம் ஸ்டேஷன்களில் விசாரணைக்குப் போனவர்களின் பல்லைக் கட்டிங் பிளேயரால் பிடுங்கியதாக ஒரு உதவி காவல் கண்காணிப்பாளர் மேல் புகார் வெடித்தது. அவர் சஸ்பெண்ட் ஆனார். சப்-கலெக்டர் விசாரணை, அதன்மேல் ஐ.ஏ.எஸ். அதிகாரி அமுதா விசாரணை, பிறகு சி.பி.சி.ஐ.டி. வழக்கு. அந்தச் சமயத்தில், முதலில் பேசியவர்களில் ஒருவர் சப்-கலெக்டரிடம் போய்க் கீழே விழுந்ததில் பல் உடைந்தது என்று சொன்னதாகச் செய்தி வந்தது. என்ன நெருக்கடியோ, அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே ஊரில், அதே தெருவில் மறுநாளும் அவர் குடியிருக்க வேண்டும். ஆனால் ஒருவர் பின்வாங்கினால் அடுத்தவர் சொல்லும் உண்மையும் எடை குறைகிறது.

பணம் அவசரமாகத் தேவை என்றால் அதற்கும் நேர்வழி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்தில் கேளுங்கள், ரிட் மனுவில் இடைக்கால இழப்பீடு கேளுங்கள். அப்படி வாங்கும் பணத்தால் கிரிமினல் வழக்கு செத்துப்போகாது.

புகார் கொடுத்தால் என் மேலேயே கேஸ் போடுவார்களே?

போடலாம். பொய் சொல்லி உங்களைத் தேற்ற மாட்டேன். வழக்கமான சமையல் இதுதான்: அசிங்கமாகத் திட்டியது, கொலை மிரட்டல், அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தது. பழைய எண்களில் 294(பி), 506(2), 353. புதிய சட்டத்தில் 296, 351, 132. இதற்கு எதிராக உங்களுக்கு இருக்கும் ஒரே கவசம் தேதி. உங்கள் ஏ.ஆர். காப்பியும் தபால் ரசீதும் அவர்களுடைய எஃப்.ஐ.ஆர். தேதிக்கு முந்தையவை என்றால், அந்த எஃப்.ஐ.ஆர். எதற்காகப் பிறந்தது என்பதை மதுரைக் கிளையில் சுலபமாகக் காட்டலாம்.

இனி போனில் "ஸ்டேஷனுக்கு வா, பேசணும்" என்றால், எழுத்தில் சம்மன் கேளுங்கள். சாட்சியாக விசாரிக்க வேண்டும் என்றால் பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்தவர்களையும், 60 வயதுக்கு மேற்பட்டவர்களையும் அவர்கள் வீட்டில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும்.

அதிகாரி மேல் வழக்கு நடத்த அரசு அனுமதி வேண்டுமாமே?

பணி நிமித்தம் செய்த செயல் என்றால் வேண்டும், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 218ஆம் பிரிவு. புதிய சட்டத்தில் நல்ல மாற்றம் ஒன்று உண்டு. அனுமதி கேட்டு 120 நாளில் அரசு பதில் சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ளப்படும். பல்லைப் பிடுங்குவது எந்தப் பணியில் சேரும் என்று வக்கீல் வாதாடுவது தனி.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இல்லை.

கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்குப் போன் செய்யுங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் இவர்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது.

மனுவை நானே எழுதலாமா, டைப் அடிக்க வேண்டுமா?

நீங்களே எழுதலாம், கையால், தமிழில். "மிருகத்தனமாகத் தாக்கினர்" போன்ற பத்திரிகை வார்த்தை வேண்டாம். எத்தனை மணிக்குக் கூட்டிப் போனார்கள், எந்த அறை, ஜன்னல் எந்தப் பக்கம், யார் பிடித்தார், யார் அடித்தார், லத்தியா பைப்பா, தண்ணீர் கொடுத்தார்களா, யார் வந்து பார்த்தார்கள், எத்தனை மணிக்கு விட்டார்கள். இவ்வளவு போதும். மூன்று நகல் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஜெராக்ஸ் கடை எங்கள் மாடிப்படிக்குக் கீழேயே இருக்கிறது, மதியம் ஒன்றரைக்குப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போவார்கள்.